சிலமலைப் பக்கி

அத்தியாயம் 9

துப்பறியும் சுருளிவேல் அன்று காலை மூன்றாவது தடவையாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முகம் கொடுக்காமல் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“அண்ணே, இன்னொரு தடவ தேய்ச்சா பல்லு போயிரும், ஈறுதான் மிஞ்சும்” என்றான் மொக்கச்சாமி. “அந்தம்மா எந்திரிக்கிற மாதிரி தெரியல. கோழி கூவுறதுக்கு முன்னாலயே வந்துருச்சு.”

மொக்கச்சாமி அவருடைய உதவியாள். அதற்கு முன்னால் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனி படுத்துவிட்டது, இவன் வாய் மட்டும் படுக்கவில்லை.

சுருளிவேல் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு வெளியே வந்தார். வந்தவள் அய்யம்மாள். ஆறு நாளாகப் போடிநாயக்கனூர் ஸ்டேஷன் லாக்கப்பில் கிடக்கும் வீரையாவின் மனைவி. வீரையாவை உள்ளே தள்ளியது வேறு யாருமில்லை, சுருளிவேல்தான்.

நடந்தது இதுதான். போடிக்கு மேலே மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டம். காய் உலர்த்தும் கொட்டகையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரிலிருந்து மூன்று அமாவாசையாக உலர்ந்த காய் மூட்டை மூட்டையாக மாயமாகிக்கொண்டிருந்தது. தோட்ட முதலாளி சுருளிவேலை வரவழைத்தார். மனிதர் பதினெட்டு வருடம் காட்டிலாகாவில் கார்டாக இருந்தவர். கும்மிருட்டில் ஒரு குரல் கேட்டால் போதும், இன்ன பறவை, இன்ன மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அந்தப் பக்கம் முழுக்கப் பேர். அந்தப் பேரை அவரும் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார்.

சில நாள் முன்னதாகவே மலையேறி, மாசி அமாவாசை அன்றும் தோட்டத்துப் பங்களாவில் தங்கினார். நடுச்சாமத்தில் ஸ்டோருக்குக் கீழேயிருந்து ஒரு குரல். உடனே இராக்காவலாளி வீரையா ஓடிவந்து கதவைத் தட்டினான். “அய்யா, இது பறவை மாதிரி இல்ல. மனுசன் குடுக்குற குரலா இருக்கு. வெளிய வந்து கேளுங்க.” சுருளிவேல் போர்வையைக்கூட விலக்கவில்லை. “இது பக்கிடா. சாயங்காலமானா வண்டிப்பாதைப் புழுதியில உக்காந்திருக்குமே, அது. எங்கம்மா குரலு மறந்தாலும் இது குரலு எனக்கு மறக்காது. போய்க் காவலப் பாரு” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதலாளி அந்த உறுதியைக் கேட்டு அசந்துபோனார். சுருளிவேலுக்கு மலையேறிய நாளிலிருந்து வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. விடிந்து பார்த்தால் ஆறு மூட்டையைக் காணோம்.

பட்ட அவமானத்தை அவர் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஸ்டோரின் பூட்டு உடையவில்லை. சாவி வீரையாவிடம். போதாதா? அன்றிரவு கேட்டது பறவைக் குரல்தான், வெளியாள் எவனும் வரவில்லை, காவலாளியே களவாணி என்று கைப்பட எழுதினார். முதலாளி கேட்டுக்கொண்டபடி அதை ஸ்டோர் வாசலில் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் வாசித்தும் காட்டினார், குரலை ஏற்றி இறக்கி.

“அய்யா, நீங்க வாசிச்சப்ப நானும் அந்தக் கூட்டத்துல நின்னேன்” என்றாள் அய்யம்மாள். அழவில்லை. அது சுருளிவேலுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. “‘கூழாங்கல்லப் பாறையில வீசுனா தத்தித் தத்தி உருளுற மாதிரி பக்கி கூப்பிட்டது’ன்னு எழுதியிருந்தீக.”

“ஆமா. பக்கி அப்படித்தான் கூப்பிடும்.”

“அது ஒங்க கீழ்க்காட்டுப் பக்கி. எங்க தோட்டத்துப் பக்கி உருளாது அய்யா. தூரத்துல ஒருத்தன் அவசரமில்லாம விறகு வெட்டுற மாதிரி, டொக்கு, டொக்குன்னு ஒரே சீராக் கூப்புடும். பதினோரு வருசமா அங்க கெடக்கேன், ஒரு நாளுங்கூட உருண்டதில்ல.”

சுருளிவேல் தோள்துண்டை எடுத்து, துடைத்த வாயையே மறுபடி துடைத்தார்.

“நாளைக்கு அவரக் கோர்ட்டுக் கச்சேரியில நிறுத்துறாகளாம். நீங்க எழுதுன காயிதந்தான் சாட்சின்னு ஏட்டய்யா சொல்றாரு. எம்புள்ளைகள ‘களவாணி பெத்ததுக’ன்னு தோட்டத்துல கூப்புடுதுக. இன்னைக்குப் பொழுதடைய ஒருக்கா மேல வந்து ஒங்க காதால கேட்டுட்டுப் போங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.”

அவள் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார். மலைப்பக்கி வேறு, கீழ்க்காட்டுப் பக்கி வேறு என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறார்! காய் எடுக்கும் பெண் ஒருத்தி வந்து சொல்லித்தான் நினைவு வர வேண்டுமா? காதெல்லாம் சுட்டது.

“மொக்கை, பொறப்படுடா. மலைக்குப் போறோம்.”

“பறவையக் கைது பண்ணவா? வெலங்கு சின்ன சைசுல இருக்கான்னு ஸ்டேஷன்ல கேட்டுட்டு வரவா?”

“வாய மூடிட்டு வாடா.”

மலையடிவாரத்தில் முந்தலில் பொதிக்கழுதைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான் வெள்ளைத்துரை. சுருளிவேலின் மனைவி செல்லத்தாய்க்கு ஒரே தம்பி. தோட்டங்களிலிருந்து பொதி இறக்குவது அவன் பிழைப்பு. விளைச்சல் காலத்தில் மட்டும் சிலமலையில் சுருளிவேலின் சோளக்காட்டுக்குக் காவல்.

“வாங்க மச்சான்! அந்தப் பறவைச் சோலி இன்னும் முடியலையா?” என்று எழுந்து நின்று சிரித்தான்.

“முடியுற மாதிரிதான். காடு எப்படி இருக்கு மாப்ளே?”

“சோளம் அறுத்து வீடு சேத்தாச்சு. காவலும் முடிஞ்சுபோச்சு. அக்காகிட்டச் சொல்லுங்க, நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றேன்.” ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றி இருவருக்கும் கொடுத்தான். மேலே ஏற ஏற வெயில் தெரியாமலிருக்கத் தன் தலைத்துண்டையும் நனைத்துக் கொடுத்தான். நல்ல பையன், என்று நினைத்துக்கொண்டார் சுருளிவேல். இத்தனை சங்கடத்திலும் அவருக்குக் கொஞ்சம் மனசு லேசாயிற்று.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது அடைந்துவிட்டது. வளர்பிறை நிலா ஏற்கெனவே மேலே நின்றது. இரண்டு பேரும் பங்களா பக்கம் போகவில்லை. ஸ்டோருக்குக் கீழே, பொதிப்பாதை திரும்பும் இடத்தில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஸ்டோரின் பின்பக்கம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. உலைக்கு விறகு தள்ளும் சின்னக் கதவும் அதில் தெரியும் நெருப்பு வெளிச்சமும்.

அரைநாழிகை ஆகியிருக்கும். சரிவின் மேலேயிருந்து வந்தது.

டொக். டொக். டொக். டொக்.

“அண்ணே, யாரோ விறகு வெட்டுறான்” என்றான் மொக்கச்சாமி.

“யாரும் வெட்டல. அதான் மலைப்பக்கி.”

இன்னொன்று எதிர்ச்சரிவிலிருந்து பதில் கொடுத்தது. அதுவும் டொக், டொக்தான். அய்யம்மாள் சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீரையா அன்றைக்குக் கதவைத் தட்டியபோது எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். அந்தப் பத்தடிக்குச் சோம்பல் பட்டு ஒரு மனுசனை ஆறு நாளாகக் கம்பிக்குப் பின்னால் வைத்திருக்கிறோமே என்று நினைக்கையில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“சரி, இது ஊருக்குத் தெரிஞ்ச பக்கி” என்றான் மொக்கச்சாமி. “அன்னைக்கு ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணு வந்து கூப்புட்டுச்சே, அது எப்படி இருந்துச்சு? ஒருக்கா செஞ்சு காட்டுங்க. நாடகத்துல எடுபடுமான்னு பாக்குறேன்.”

சுருளிவேல் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தார். கல் பாறையில் விழுந்தது, தத்தியது, தத்தித் தத்தி வேகமெடுத்து உருண்டு ஓடி அடங்கியது. அடங்கிய பிறகு நாக்கு மேலண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. டக், டக்.

“அச்சு அசல் பறவைதான்” என்றான் மொக்கச்சாமி. “ஆனா கடைசியில அந்த ரெண்டு டக்கு எதுக்கு? பறவைக்குத் தாகமா?”

“எந்த டக்கு?”

“இப்ப நீங்க போட்டீகளே.”

தான் போட்டதே அவருக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடப் பழக்கம், வாய் தானாகப் போட்டுவிட்டது. “அது பறவையோடது இல்லடா. எங்க சிலமலையில சோளக்காட்டுக் காவலுக்குப் பரண் மேல இருப்போம். கத்திப் பேசுனா பன்னி வேற பக்கம் இறங்கிரும். அதனால பக்கிக் குரல் குடுப்போம். நான் முழிச்சிருக்கேன், நீ செத்த நேரம் கண்ணசருன்னு பக்கத்துப் பரண்காரனுக்குச் சொல்றது. நெசப் பக்கியா மனுசனான்னு தெரியணும்ல? அதுக்குக் கடைசியில ஒரு வால் வப்போம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வால். ஆளு மாறுனாலும் காட்டோட வாலு மாறாது. எங்க காட்டுக்கு ரெண்டு டக்கு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“என்னண்ணே?”

“அன்னைக்கும் இருந்துச்சுடா” என்றார் மெதுவாக. “அன்னைக்குக் கேட்ட குரல்லயும் அந்த ரெண்டு டக்கு இருந்துச்சு.”

அப்போதுதான் அவருக்கு அந்தத் தூக்கம் நினைவு வந்தது. மலையில் எந்த இரவும் வராத தூக்கம் அன்றைக்கு மட்டும் ஏன் வந்தது? சின்ன வயதிலிருந்து அந்த வாலைக் கேட்டால் கண்ணை மூடலாம் என்று பழகிய காது அது. யாரோ நம்ம ஆள் விழித்திருக்கிறான், நீ தூங்கு என்று குரல் சொன்னது. துப்பறியும் சுருளிவேல் சமர்த்தாகத் தூங்கிவிட்டார்.

“ஒங்க காட்டுக்கு இப்ப யாருண்ணே காவலு?” என்று மொக்கச்சாமி கேட்டான். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

மேலே ஸ்டோரின் விறகுக் கதவு கிரீச்சென்று திறந்தது. கையில் லாந்தருடன் ஒருவன் இறங்கி வந்தான். உலைக்கு நெருப்புப் போடும் முனியசாமி. பலாமரத்து இருட்டைப் பார்த்து அடிக்குரலில் சீறினான்.

“வெள்ளைத்துரையண்ணே! கூறு கெட்டுப்போச்சா ஒமக்கு? நிலா காயிற நேரத்துல வந்து குரல் குடுக்குறீக! அடுத்த அமாவாசைக்குன்னுதான பேச்சு? உலை வேற எரியுது, இந்தக் கதவு வழியா இன்னைக்கு ஒரு மூட்டையும் வராது. வெரசாப் போயிரும்!”

சுருளிவேல் இருட்டுக்குள் அசையாமல் நின்றார். மொக்கச்சாமிதான் பாய்ந்து முனியசாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு புரண்டான். லாந்தர் உருண்டு அணைந்தது. எழுந்தபோது முனியசாமியின் கைகள் இரண்டும் வெள்ளைத்துரை நனைத்துக் கொடுத்த தலைத்துண்டால் கட்டப்பட்டிருந்தன.

எதிரில் நிற்பது யாரென்று நிலா வெளிச்சத்தில் பார்த்த பிறகு முனியசாமி எதையும் மறைக்கவில்லை. அமாவாசையன்று உலையை அணைய விட்டுவிடுவானாம். கீழே கழுதைகளோடு ஆள் வந்துவிட்டதற்கு அடையாளம் அந்தக் குரல். உடனே விறகுக் கதவு வழியாக மூட்டைகளைத் தள்ளிவிடுவான். வீரையாவின் சாவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“நான் இங்க படுத்திருந்தது அவனுக்குத் தெரியாதா?” என்று கேட்டார் சுருளிவேல்.

முனியசாமி தயங்கினான்.

“சொல்லுடா.”

“தெரியும் அய்யா. நாந்தான் பயந்தேன், அந்தாளு இருக்கயில வேணாம்னேன். வெள்ளைத்துரையண்ணே சிரிச்சாரு. ‘மச்சான் இருக்கட்டும், நல்லதுதான். இந்தக் குரலக் கேட்டா அவரு தொட்டில்ல போட்ட புள்ளையாத் தூங்கிருவாரு’ன்னாரு.”

சுருளிவேல் பலாமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். மலைப்பக்கி தன்பாட்டுக்கு டொக், டொக் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இறங்கும்போது பாதிவழியில் மொக்கச்சாமி அவர் காதருகே வந்தான். “அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீக. இவன் ஒருத்தன் போதும் வீரையாவ வெளிய எடுக்க. கூட்டாளி யாருன்னு தெரியல, இருட்டுல ஓடிட்டான்னு எழுதிரலாம். பறவை சமாச்சாரமே வேணாம். ஒங்க பேரும் நிக்கும், ஒங்க வீட்டுலயும் அடுப்பெரியும்.”

“இவன் வாய என்ன செய்வ?”

“பயமுறுத்துனா மூடிக்கிருவான்.”

அந்த யோசனை தனக்குப் பிடித்துப்போனதுதான் சுருளிவேலுக்கு அன்றைய இரவின் பெரிய வெட்கமாக இருந்தது. கால்நாழிகை தூரம் அதை மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். முந்தல் வந்தது. கழுதைகளுக்கு நடுவில் வெள்ளைத்துரை சுருண்டு படுத்திருந்தான். மேலே செல்லத்தாய் கொடுத்த கம்பளி. ஒரு குரல் கொடுத்தால் எழுந்து ஓடிவிடுவான். முனியசாமி, மொக்கச்சாமி, இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தன் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தார்.

போடி ஸ்டேஷனில் விடியும் நேரம். சப்-இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார். உடனே ஏட்டையும் இரண்டு பேரையும் முந்தலுக்கு அனுப்பினார். பிறகு மேஜைமேல் விரலால் தட்டினார்.

“நீங்களே பறவைன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப நீங்களே மனுசன்ங்கிறீங்க. கச்சேரியில சிரிக்க மாட்டாங்களா? எந்தக் குரல்னு நான் எப்படி நம்புறது?”

லாக்கப் கம்பிக்குப் பின்னால் வீரையா எழுந்து நின்றிருந்தான். வாசலில், கச்சேரி நாள் என்று விடியுமுன்னே வந்து காத்திருந்த அய்யம்மாள்.

சுருளிவேல் கைகளைக் குவித்தார். ஸ்டேஷனுக்குள், பட்டப்பகலாகப் போகிற நேரத்தில், நாற்பத்தைந்து வயது மனுசன் பக்கியாகக் கூப்பிட்டார். கல் தத்தி உருண்டு அடங்கியது. டக், டக். பாரா நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அய்யா!” வீரையா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “இதுதான்! இதே குரல்தான் அன்னைக்குக் கேட்டது. சத்தியமா இந்தக் குரல்தான்!”

சொல்லிவிட்டு, தான் யாரைக் காட்டிக்கொடுத்தோம் என்று புரியாமல் விழித்தான்.

“ஆமா வீரையா” என்றார் சுருளிவேல். “அது எங்காட்டுக் குரல்தான். ஒனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு. என்னை மன்னிச்சிரு.”

வீரையா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.

சுருளிவேல் காகிதம் வாங்கி எழுதினார். காவலாளி சொன்னதே சரி, நான் எழுந்து போய்க் கேட்காதது என் குற்றம், குரல் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி வெள்ளைத்துரை, அந்தக் குரல் எங்கள் காட்டுக் காவல் குரல் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, தனக்கென்று இன்னொன்று. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அய்யம்மாள் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“அந்தக் காயிதத்த ஸ்டோரு வாசல்ல நின்னு எல்லாருக்கும் வாசிச்சீக.”

“ஆமா ஆத்தா.”

“இதையும் அங்கயே நின்னு வாசிக்கணும். எம்புள்ளைக முன்னால நிக்கும். அன்னைக்கு மாதிரியே சத்தமா.”

“வாசிக்கிறேன். இன்னைக்கே வர்றேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறக்கச் சொன்னதும் வீரையாவும் அய்யம்மாளும் முன்னால் போனார்கள். வீரையா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மனைவிக்கு இரண்டடி பின்னால் நடந்தான். மலைக்குப் போகும் வழி சுருளிவேலின் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. சுற்றிக்கொண்டு போக ஒரு வண்டிப்பாதை உண்டு. மொக்கச்சாமி அதைக் கையால் காட்டினான். சுருளிவேல் தலையை ஆட்டிவிட்டு நேர்வழியிலேயே நடந்தார்.

செல்லத்தாய் வாசலிலேயே நின்றாள். கையில் கழுவிய வெண்கலக் கும்பா.

“ராத்திரியெல்லாம் எங்க போயிருந்தீக? முகம் ஏன் இப்படிக் கெடக்கு? சரி, தம்பி மத்தியானம் வர்றான்னு பொதிக்காரங்ககிட்டயும் சொல்லிவிட்டிருக்கான். கோழி அடிக்கச் சொல்லியிருக்கேன். வழியில அவனப் பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“தூங்குறானா, எந்திரிச்சுட்டானா?”

சுருளிவேல் மடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஸ்டோர் வாசலில் முதலில் வாசிக்கப்போகிறோம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். “செல்லத்தாயி, செத்த உக்காரு” என்றார். அவள் உட்காரவில்லை. கும்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் வாசிக்க ஆரம்பித்தார்.